நிற்கிற லாரி தோண்டும் பள்ளம்

சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு ஒரகடம் நாற்சந்தியில் போய் நின்று பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ரோட்டில் கால் வைக்க முடியாது. வைத்தால் கொப்புளம்தான்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. முன்பெல்லாம் இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏரிக்கரையையும் நெல் வயலையும் பார்த்தார்கள். இப்போது பார்ப்பது லாரி. புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட டிரெய்லர், இரும்புத் தகட்டுச் சுருளைச் சங்கிலியால் கட்டிப்போட்ட லாரி, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர், நடுநடுவே கம்பெனி பஸ். இவ்வளவுக்கும் ஊடே, மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்குப் பறக்கிற பையன்கள்.

இந்த வட்டாரத்தில் கனரக வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற சந்திப்பு ஏதாவது ஒன்றில் கொஞ்சம் குனிந்து கவனியுங்கள். சக்கரங்கள் நிற்கிற இடத்தில், ஏர் ஓட்டினாற்போல் இரண்டு தடம் பள்ளமாக இறங்கியிருக்கும். தடத்தின் ஓரத்தில் தார் பிதுங்கி வரப்பாக உயர்ந்திருக்கும். அதே சாலையில் அரை கிலோ மீட்டர் தள்ளிப் போனால், லாரிகள் நிற்காமல் ஓடுகிற இடத்தில், தளம் மட்டமாகவே இருக்கும்.

அதே தார், அதே ஜல்லி, அதே வெயில், அதே லாரி. ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் இல்லை. ஏன்?

இது என்ஜினீயர்கள் மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தடத்தில் விழுவது லாரி அல்ல. மோட்டார் சைக்கிள். 2022-ம் வருஷத்தில் சாலைக் குழிகளால் மட்டும் இந்தியாவில் 1,856 பேர் மாண்டதாக மத்திய அரசாங்கத்தின் விபத்துக் கணக்கு சொல்கிறது. அதே வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64 ஆயிரத்துக்கும் மேல்.

இந்தக் கட்டுரைக்காகச் சுற்றியபோது எனக்கே ஓர் அனுபவம் கிடைத்தது. முன் சக்கரம் அப்படி ஒரு தடத்தில் இறங்கிவிட்டது. அதன் பிறகு கைப்பிடி என் சொல்லைக் கேட்கவில்லை. தடம் இழுத்த பக்கம் வண்டி போயிற்று. பின்னால் லாரி ஒன்றும் வரவில்லை. அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தார் திடப்பொருளா?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நாம் "தார்" என்று சொல்வது உண்மையில் தார் அல்ல. தார் என்பது நிலக்கரியிலிருந்து வடிவது. இப்போது சாலைக்குப் போடுவது கச்சா எண்ணெயைச் சுத்தி செய்தபின் அடியில் தங்குகிற கறுப்புச் சரக்கு. புத்தகத்தில் இதற்கு நிலக்கீல் என்று பெயர். மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இது கிடைக்கிறது. ஊரெல்லாம் தார் என்று சொல்லிப் பழகிவிட்டது. நாமும் அப்படியே சொல்லுவோம்.

இந்தத் தார் ஒரு விசித்திரமான வஸ்து. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-ல் ஒரு வேடிக்கையான சோதனையைத் தொடங்கினார். கீலைக் காய்ச்சி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். மூன்று வருஷம் இறுக விட்டு, 1930-ல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போலச் சிதறுகிற அந்தக் கீல், புனலில் சொட்ட ஆரம்பித்தது. முதல் சொட்டு விழ எட்டு வருஷம் ஆயிற்று. ஒன்பதாவது சொட்டு 2014-ல் விழுந்தது. பேராசிரியர் காலமாகி வெகு நாள் ஆகிவிட்டது. சோதனை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

சட்டென்று அடித்தால் கல். பொறுமையாகக் காத்திருந்தால் தேன். இதுதான் தாரின் குணம். நம் நாற்சந்திப் பள்ளத்தின் ரகசியமும் இதிலேதான் இருக்கிறது.

பொரி உருண்டைக் கணக்கு

காற்றின் சூடு 40 டிகிரி என்றால், கறுப்புச் சாலையின் மேல் தோலில் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். 2003 மே 31-ந் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் காற்றே 45 டிகிரி சுட்டது. அன்று சாலை என்ன பாடுபட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2015 மே மாத வெயிலில் டில்லியில் சாலையைக் கடக்கப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் நெளிந்து வழிந்த படம் பத்திரிகைகளில் வந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

நம் நாட்டில் பெரும்பாலான சாலைகளுக்குப் போடும் தாருக்கு வி.ஜி. 30 என்று பெயர். முன்னே ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துத் தாரைத் தரம் பிரித்தார்கள். 2006-லிருந்து, 60 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். நம் வெயிலுக்கு ஏற்ற நல்ல மாறுதல். இந்த வி.ஜி. 30 ரகத்தின் இளகும் நிலை குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. சாலையின் சூடோ 60!

அப்படியானால் சாலை ஏன் சாக்கடையில் ஓடிவிடவில்லை?

பாரத்தைத் தாங்குவது தார் அல்ல, ஜல்லி. பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பொரிதான் உருண்டை, வெல்லப் பாகு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாலைக் கலவையில் எடைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்குதான் தார். மீதியெல்லாம் ஜல்லியும் கல் தூளும். பெரிய ஜல்லி, சிறிய ஜல்லி, தூள் என்று அளவாகச் சேர்த்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி அழுத்தினால், தார் இளகினாலும் எலும்புக்கூடு நிற்கும்.

பாகு பதம் தவறினால் உருண்டை பிடிக்காது என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். வி.ஜி. 30 கலவையை 150 முதல் 165 டிகிரிக்குள் கலக்க வேண்டும். ரோட்டில் கொட்டிப் பரப்பும்போது 140-க்குக் கீழே போகக் கூடாது. 90 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்துவிட வேண்டும். கலவை லாரி மேலே தார்ப்பாய் மூடாமல் டிராபிக்கில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதித்து வந்தால், பதம் போயிற்று. அதன் மேல் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் பூட்டு விழாது. அந்தச் சாலை முதல் மழையிலேயே பொரி பொரியாக உதிரும். பார்ப்பவர்கள் "தாரே போடவில்லை, எல்லாம் தின்றுவிட்டான்" என்பார்கள். சில இடத்தில் அதுவும் உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் அல்ல.

நின்றால்தான் வினை

சரி, நாற்சந்திக்குத் திரும்பி வருவோம்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிற லாரியின் ஒரு டயர், சாலையின் ஒரு புள்ளியை எவ்வளவு நேரம் மிதிக்கிறது? டயர் தரையில் பதிகிற நீளம் ஓர் அடிக்கும் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால், ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. பார்னெலின் சுத்தியல் அடி மாதிரி. தாருக்கு இளக நேரமில்லை. கல்லாக நின்று தாங்கிவிடுகிறது.

அதே லாரி சிக்னலில் ஒரு நிமிஷம் நின்றால்? மிதிக்கிற நேரம் 3,600 மடங்கு. சாலை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் மூன்று மணி நேரம் காத்திருந்தால்? அப்போது தார் கல் அல்ல, தேன். சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கும் மேல் காற்று அடைத்த டயர்கள், 60 டிகிரி சூட்டில் இளகிய தாரின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஜல்லி மெல்ல மெல்ல நகர்ந்து வழி விடுகிறது. இன்று ஒரு நூல், நாளை ஒரு நூல். இரண்டு கோடையில் ஒரு விரல் ஆழம்.

போதாக்குறைக்குப் பிரேக். நிற்க வருகிற லாரி சாலைத் தோலை முன்னால் தள்ளுகிறது. கிளம்புகிற லாரி பின்னால் உதைக்கிறது. சிக்னலுக்கு முன்னால் சாலை அலை அலையாக மடிந்திருப்பது இதனால்தான்.

ஆக, தார்ச் சாலையைக் கெடுப்பது தனி வெயிலும் அல்ல, தனி லாரியும் அல்ல. வெயிலில் நிற்கிற லாரி.

இது நமது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். நன்றாகவே தெரியும். அடுத்த முறை பெங்களூர் நெடுஞ்சாலையில் போகும்போது சுங்கச் சாவடியைக் கவனியுங்கள். கறுப்பாக வந்துகொண்டிருந்த சாலை, சாவடி நெருங்கியதும் வெள்ளைக் கான்கிரீட்டாக மாறிவிடும். சாவடி தாண்டியதும் மறுபடி கறுப்பு. வண்டிகள் நிற்கிற இடம் என்பதால் அங்கே கான்கிரீட். பெட்ரோல் பங்குக்குள்ளும் அப்படியே. அங்கே இன்னொரு காரணமும் உண்டு: சொட்டுகிற டீசல் தாரைக் கரைத்துவிடும்.

காசு வாங்குகிற இடத்தில் நிற்கிற லாரிக்குக் கான்கிரீட் தெரிகிறது. சிக்னலில் நிற்கிற லாரிக்கும், கம்பெனி வாசலில் நிற்கிற லாரிக்கும் அந்த ஞானம் ஏன் வரவில்லை?

குடோன் ரோட்டுக்கு வந்த கதை

லாரிகள் ஏன் இவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. டயர், மோட்டார் சைக்கிள், கண்ணாடி, செல்போன் என்று வரிசையாகப் பல. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது இதனால்தான். அதில் சந்தேகமில்லை.

இந்த மோட்டார்த் தொழிற்சாலைகளின் வேலை முறையில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஜப்பானியர் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது. உதிரி பாகத்தை வாங்கிக் குடோனில் அடுக்கி வைக்கக் கூடாது. தேவைப்படுகிற நேரத்தில், தேவைப்படுகிற அளவு, வாசலுக்கு வந்து சேர வேண்டும். குடோன் செலவு மிச்சம், முடங்குகிற பணம் மிச்சம். கெட்டிக்கார யோசனை.

ஆனால் சரக்கு லாரி மணி அடித்தாற்போல் வந்து சேருமா? ஸ்ரீபெரும்புதூர் நெரிசலை நம்பி யார் கிளம்புவார்கள்? லாரிக்காரர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுகிறார். அவருக்குக் குறித்த நேரத்துக்கு முன் கம்பெனி கேட் திறக்காது. அதுவரை எங்கே நிற்பது? ரோட்டு ஓரத்தில்தான்.

கம்பெனிக்குள் இருந்த குடோன் சக்கரம் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. குடோன் தரைக்கு ஆகிற செலவு இப்போது நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் ஏறுகிறது. சொல்லப் போனால், உங்கள் கணக்கிலும் என் கணக்கிலும்.

வாசலுக்கு உள்ளே ஒரு பார்வை பார்த்தால் இன்னும் தெளிவாகும். பெரிய தொழிற்சாலைகளில் லாரி நின்று சரக்கு இறக்குகிற முற்றம் பெரும்பாலும் கான்கிரீட்டாகவோ, பல் பல்லாகப் பூட்டிய சிமெண்டுக் கல்லாகவோ இருக்கும். தார் போட்டிருந்தால் அது கார் நிறுத்துகிற இடமாக இருக்கும். தங்கள் செலவில் தளம் போடும்போது எது எங்கே நிலைக்கும் என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை!

எடை கூடினால்?

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் ஒட்டாவா என்ற ஊர் அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. சோதனைக்கென்றே சாலை போட்டு, ராணுவத்தாரை வைத்து இரண்டு வருஷம் லாரி ஓட்டிப் பார்த்தார்கள். முடிவு உலகத்தையே யோசிக்க வைத்தது. சக்கர அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கு அல்ல. ஏறக்குறைய பதினாறு மடங்கு. நான்காம் மடங்குக் கணக்கு என்று இதைச் சொல்வார்கள்.

காரின் ஓர் அச்சில் அரை டன் பாரம் என்று வையுங்கள். லாரியின் ஓர் அச்சில் பத்து டன். பாரம் இருபது மடங்கு. சேதம்? ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு! நமது காரும் ஸ்கூட்டரும் சாலையைக் கெடுப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கெட்ட சாலையில் விழுவது மட்டும்தான் நம் பங்கு.

2018 ஜூலையில் மத்திய அரசாங்கம் லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆயிற்று. நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்குதானே என்று தோன்றும். நான்காம் மடங்குக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: சேதம் நூற்றுக்கு அறுபது பங்கு கூடுகிறது. டீசல் விலை ஏறிய காலத்தில் லாரித் தொழிலுக்கு அது சகாயமாக இருந்தது என்பது வாஸ்தவம். ஆனால் பழைய பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய சாலைகளின் தளத்தை யார் தடிப்பாக்கினார்கள்?

பாலைவனத்தை விட மோசம்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள், "அங்கே இதைவிட வெயில், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கேயும் எடுத்த எடுப்பில் அப்படி இல்லை. எண்ணெய்ப் பணம் குவிந்த காலத்தில் சவூதி அரேபியாவில் பிரமாதமான சாலைகள் போட்டார்கள். மிதமிஞ்சிய பாரத்தோடு லாரிகள் ஓடின. சக்கரத் தடங்கள் பள்ளமாக இறங்கின. பிறகுதான் எடை மேடை, அபராதம், ரப்பர் போன்ற பாலிமர் கலந்து கெட்டிப்படுத்திய தார் என்று வழிக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அங்கே மழை இல்லை. நமக்கோ பாலைவனத்து வெயிலும் உண்டு, ஏரி நாட்டு ஈரமும் உண்டு.

வெயில் தாரை இளக்குவதோடு நிற்பதில்லை. வருஷக் கணக்கில் அதிலுள்ள எண்ணெய்ப் பசையை உலர்த்தி மொரமொரப்பாக்குகிறது. கறுப்புச் சாலை சாம்பல் நிறமாக வெளுக்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். அப்புறம் மயிரிழை போல் வெடிப்பு. ஐப்பசி பிறந்ததும் மழை. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் அடித்தளத்தில் தங்குகிறது. மேலே லாரி ஏற ஏற, பம்பு அடித்தாற்போல் அந்தத் தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. ஒரு ஜல்லி கிளம்பினால் போதும். ஒரு வாரத்தில் குழி.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே ஏரிகளின் சங்கிலி. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு, கடைசியில் செம்பரம்பாக்கத்துக்கு, அங்கிருந்து அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் பெய்தது. கலங்கல் வழிகளையும் வாய்க்கால்களையும் மறித்துச் சாலை போகும் இடத்தில் போதுமான குழாயும் பாலமும் வைக்காவிட்டால், தண்ணீர் சாலையைத்தான் கலங்கலாக எடுத்துக்கொள்ளும். நல்ல சாலைக்கு முதல் இலக்கணம் தார் அல்ல, வாட்டம். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து, ஓரத்தில் வடிகால். தடப்பள்ளம் விழுந்தபின் வாட்டம் இருந்தும் பயனில்லை. தண்ணீர் தடத்திலேயே தேங்கிவிடும்.

கம்பெனி முற்றத்திலோ, பண்ணை வீட்டு வழியிலோ தார் போட்டிருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அங்கே கனரக வண்டி இல்லை. வெயில் மட்டும்தான் எதிரி. வெடிப்பு மயிரிழையாக இருக்கும்போதே தை, மாசியில் தார்க் குழம்பு ஊற்றி அடைத்தால் சில ஆயிரத்தோடு போகும். விட்டுவிட்டால் சில லட்சம். என்ஜின் எண்ணெய் சொட்டுகிற இடத்தில் மட்டும் நாலு சிமெண்டுக் கல் பதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஒட்டுப் போடுவதும் உத்தரவு போடுவதும்

சாலை கெட்டால் கேட்பார் இல்லை என்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மதுரவாயல்–வாலாஜா நெடுஞ்சாலை சீர்கெட்டுக் கிடப்பதைத் தானாகவே கையில் எடுத்துக்கொண்டு, சீராகும் வரை பாதிச் சுங்கம் மட்டுமே வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலிச் சாவடியும் அதில் அடக்கம். சாலை பாதி என்றால் காசும் பாதி! ஜனங்களுக்கு அந்த நியாயம் உடனே புரிந்தது.

2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். வீடுகள் பள்ளத்திலும் தெரு மேட்டிலும் போய்க்கொண்டிருந்த அவலத்துக்கு அது நல்ல மருந்து. தடப்பள்ளத்துக்கும் அதே மருந்துதான். பிதுங்கிய தாரை அப்படியே வைத்துக்கொண்டு பள்ளத்தை மட்டும் நிரப்பினால், அடியில் இருக்கிற இளகல் மறுபடி மேலே வரும்.

2023 நவம்பரில் குழிகளைப் படம் எடுத்துப் புகார் செய்ய "நம்ம சாலை" என்ற செல்போன் செயலி வந்தது. பொள்ளாச்சிப் பகுதி போன்ற இடங்களில் இன்னொரு முறையைப் பார்த்தார்கள். குழிக்கு இவ்வளவு என்று கூலி தராமல், சாலை ஐந்து வருஷம் குழியில்லாமல் இருந்தால் இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம். குழி விழுந்தால் நஷ்டம் அவருக்கு. மனிதன் தன் பாக்கெட்டுக்கு வலித்தால்தான் வெடிப்பை மயிரிழையிலேயே அடைப்பான். இந்தத் தொழிற்சாலைச் சாலைகளுக்கு இது மிகவும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

பிளாஸ்டிக் சாலையைப் பற்றிக் கேட்பீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை அது. 2018-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். சுடுகிற ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவினால் அது உருகி மெல்லிய போர்வையாகப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் தார். ஈரம் புகாது, தாரும் நன்றாக ஒட்டும். ஊர்ச் சாலைகளுக்கு அருமையான முறை. ஆனால் 40 டன் டிரெய்லர் மூன்று மணி நேரம் நிற்கிற இடத்துக்கு அதுவே போதும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

அங்கே வேண்டியது கான்கிரீட். சாலை முழுவதற்கும் அல்ல. சிக்னலுக்கு முன்னால் நூறு நூற்றைம்பது மீட்டர், பஸ் நிற்கிற இடம், கம்பெனி வாசல், லாரி திரும்புகிற வளைவு. மற்ற இடத்தில் தாரே போதும். பாரம் அதிகமான பகுதியில் வி.ஜி. 40 என்ற கெட்டி ரகமோ, பாலிமர் கலந்ததோ போடலாம். கான்கிரீட்டில் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் செலவு அதிகம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பதப்படுத்த வேண்டும்; சாதாரணக் கலவை முழுப் பலம் பெற 28 நாள். ஒரகடம் மாதிரி இடத்தில் 28 நாள் சாலையை மூடினால் பாதிக் கம்பெனி நின்றுவிடும். பாதி அகலமாகப் பிரித்து, சீக்கிரம் இறுகுகிற கலவை கொண்டு, கோடை விடுமுறையில் செய்ய வேண்டிய வேலை இது. பெங்களூர் நகரத்தில் பழைய தார்ச் சாலைகளின் மேல் இப்படிக் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள். போடும்போது ஊரே திட்டியது. போட்டபின் அந்த இடங்களில் தடப்பள்ளம் இல்லை.

இரண்டாவது, லாரிக்கு நிற்க இடம். நிழல், தண்ணீர், கக்கூஸ், இரண்டு இட்லிக் கடை, கான்கிரீட் தரை. கம்பெனி கேட்டிலிருந்து செல்போனில் கூப்பிட்டதும் கிளம்பிப் போகிற தூரத்தில். இன்று அந்த டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள். அடியில் தார் சுடுகிறது. ஆனாலும் அந்த வெட்டவெளியில் வேறு நிழல் இல்லை.

செலவு யாருடையது? இங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது. சிப்காட் வளாகத்துக்குள் இருக்கும் சாலைகளுக்குத் தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகின்றன. வளாகத்தின் வாசலைத் தாண்டினால் சாலை மாநில அரசாங்கத்தினுடையது. இன்னும் கொஞ்சம் போனால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது. லாரி ஒன்றே, அது நிற்கிற மூன்று இடத்துக்கும் மூன்று எஜமானர்கள். வாசலுக்கு வெளியே, சிக்னல் வரைக்கும் உள்ள அந்த நூறு நூற்றைம்பது மீட்டருக்கு மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டால், அடுத்த சித்திரைக்குள் வேலையைத் தொடங்கிவிடலாம். ஐப்பசிக்கு முன் முடித்தாக வேண்டும். மழை இறங்கிய பின் போடுகிற ஒட்டு தையில் இருக்காது.